மூன்றாவது அழைப்பு

என் குரலைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொது மருத்துவமனையில் வேலை. முதலில் டெலிபோன் ஆபரேட்டர், இப்போது அறிவிப்பாளர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டால் முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரி மைக்கம்மாதானே?" என்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "மைக்கை அங்கேயே வச்சிட்டு வா" என்பார். அவருக்குப் பொறாமை.

அந்தக் குரலால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மாதக் கர்ப்பிணியான என் தம்பி மனைவியை நூறு பேருக்கு முன்னால் விரட்டியடித்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் மருத்துவமனைக்குப் புதிய வரிசை முறை வந்திருந்தது. கொண்டுவந்தவர் தலைமை அலுவலகத்து இணை இயக்குநர். வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை அனுப்புவார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே சுற்றறிக்கை. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு கதவிலும் கூட்டம் நெருக்கித் தள்ளும். இப்போது எல்லாரும் டோக்கன் எடுத்துக்கொண்டு பெரிய ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஹாலின் மூலையில் ஒரு கண்ணாடி அறையில் இருப்பேன். என் முன்னால் உள்ள திரையில் டோக்கன் எண், பெயர், பிரிவு, அறை எண் என்று நான்கும் வரும். நான்கையும் படிக்க வேண்டும். ஆள் எழுந்து வரவில்லையென்றால் இரண்டு நிமிஷம் விட்டு மறுபடியும், அப்புறம் மூன்றாவது தடவையும். அப்படியும் வராவிட்டால் சிவப்பு விசையை அழுத்துவேன். பக்கத்து இயந்திரம் 'வரவில்லை' என்று ஒரு சீட்டைத் துப்பும். டோக்கன் செத்துப்போகும், மருந்தும் கிடைக்காது.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்டது நேராக வாய்க்கு வந்துவிடும். நடுவில் மூளைக்கு வேலையே இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான். நாற்பத்தொன்று என்றேன், பெயரைச் சொன்னேன், "பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவு, ஒன்பதாம் அறை" என்று நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்து பிசகாமல் முடித்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பெயர் என்று உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நான்காவது வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். எழுந்தது அவள் மட்டும்தான் என்பதால் ஹாலே அவளைப் பார்த்தது. பின்வரிசையில் முட்டி வலிக்காக வந்திருந்த எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தை ஒரு முழம் நீட்டிப் பார்த்தார். என் தம்பி மனைவி ஒன்பதாம் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வாசலுக்குப் போனாள். வேகமாக நடக்க முடியாத வயிறு. அந்த ஹாலைக் கடக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டாவது தடவை நான் கூப்பிடவில்லை. முதல் தடவையே வேலையை முடித்துவிட்டது. சிவப்பு விசையை அழுத்தினேன், சீட்டு வந்தது.

உணவு இடைவேளையில் ஒன்பதாம் அறை நர்ஸிடம் போய் நின்றேன். எதற்கும் அசைந்துகொடுக்காத பெண் அவள்.

"சிஸ்டர், அந்த நாற்பத்தொண்ணு... என்ன விஷயம்?"

"நோயாளியைப் பத்தி நான் வெளியில பேசமாட்டேன். அது ரகசியம்," என்றாள் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டே. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் நீங்களே மைக்ல சொல்லிட்டீங்களே. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அவள் அதோடு விடவும் இல்லை. "மூணு வாரத்துல எனக்கு எண்பத்து மூணு டோக்கன். வந்தவங்க இருபத்திரண்டு பேர். மீதி அறுபத்தொரு பேரும் உங்க குரலைக் கேட்டதும் ஓடிட்டாங்க. முன்னாடி கதவைத் தட்டிட்டுச் சத்தமில்லாம வந்து போவாங்க. இப்ப நான் ஊசியை வச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கேன்."

"பொதுவாக் கேக்கறேன், சிஸ்டர். யாரைப் பத்தியும் இல்ல. ஒரு கர்ப்பிணிக்கு இந்த வியாதின்னா?"

"பொதுவாச் சொல்றேன். சிபிலிஸ்னா வாரத்துக்கு ஒண்ணா மூணு பென்சிலின் ஊசி. அவ்வளவுதான். சுத்தமாச் சரியாயிடும். நடுவுல ஒன்பது நாளுக்கு மேல இடைவெளி விட்டா போட்டது கணக்குல வராது, மறுபடி முதல்லேர்ந்து. போடாமலே விட்டா குழந்தைக்குப் போகும். செத்துப் பொறக்கலாம். கண்ணு தெரியாமப் பொறக்கலாம்." சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். "முதல் ஊசியைப் பிரசவப் பிரிவுலயே போட்டுட்டு ரெண்டாவதுக்கு இங்க அனுப்புவாங்க. பொதுவா."

"போட்டு எத்தனை நாள் ஆச்சு? பொதுவா?"

"இன்னையோட ஏழு."

அப்படியென்றால் வியாழக்கிழமை வரைக்கும்தான். விரலை விட்டு எண்ணத் தேவையே இல்லாத கணக்கு.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் படியேறினேன். நாங்கள் இரண்டாவது மாடி, அவர்கள் நான்காவது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பான், எங்கள் கட்டட லிஃப்ட் மட்டும் ஒரு வருஷமாக நிற்கிறது. கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தான். தையல்காரம்மா எனக்கு முன்னாலேயே வந்து போயிருந்தார் என்று புரிந்தது.

அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு இன்னைக்கு லீவுன்னு சொன்னீங்களேக்கா," என்றாள்.

"மாத்து ஆள் வரலம்மா. அதான் போயிட்டேன்."

"எனக்கு முன்னாடி ரெண்டு பேரைக் கூப்பிட்டப்பவே எழுந்து போயிருக்கணும். ஊசி முக்கியமாச்சேன்னு பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ரொம்பத் தெளிவா இருந்துச்சுக்கா உங்க குரல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் என் குரலுக்குக் கிடைத்த பாராட்டுகளில் இந்த ஒன்றைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தம்பி பக்கம் திரும்பினேன். "நீ ஊசி போட்டுக்கிட்டியாடா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தானே இருக்கேன்."

"ரத்தத்தைப் பார்த்தாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு..."

"அவளுக்கு வந்தது கல்யாணத்துக்கு முன்னாடி நீ சுத்தின சுத்துலதான்னு உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வயித்தைத் தூக்கிட்டு அவ வந்து உட்கார்ந்தா. நீ எங்கடா இருந்த? பதினேழாவது மாடியில கயித்தைப் பிடிச்சுத் தொங்கறவனுக்கு ஒரு ஊசின்னா பயமா?"

அவன் தலை இன்னும் கீழே போனது. அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அவளிடம் கெஞ்சினேன். பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் பெயர் திரையில் வரும்போது பிரிவை மட்டும் முழுங்கிவிடுகிறேன், மெமோ வந்தால் வரட்டும் என்றேன்.

"திருடி மாதிரிப் பின்வாசல்ல வரணுமாக்கா? நான் என்ன தப்பு பண்ணேன்?" முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் முழுங்குவீங்க. எனக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணுக்கு? அவளும் என் பின்னாடியே எழுந்து ஓடி வந்துட்டா தெரியுமா? வாசல்ல நின்னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பேசக்கூட இல்ல." மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பி, "அந்த ஹால்ல யாரையும் யாரும் திரும்பிப் பார்க்காத அன்னைக்கு வர்றேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. என் மேல், அந்த இயந்திரத்தின் மேல், எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இதை எழுதியவர் மேல். நல்லவேளையாக அந்த எழுதியவர் வியாழக்கிழமைதான் பார்வையிட வருவதாக இருந்தது.

வியாழன் பத்து மணிக்கு வந்தார் சுற்றறிக்கை. நான் கொடுங்கோலன் ஒருவரை எதிர்பார்த்துப் பல்லைத் தீட்டி வைத்திருந்தேன். வந்தவரோ தோளில் துணிப்பையோடு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்த சாதுவான மனிதர். என் கண்ணாடி அறைக்குள் வந்து, "உங்க குரலை நான் மத்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் உதாரணமாச் சொல்றேன்மா," என்றார். இரண்டு நாள் முன்பு சொல்லியிருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பேன்.

கம்பியில் குத்தி வைத்திருந்த ஒன்பதாம் அறைச் சீட்டுகளை அவர் முன்னால் வைத்தேன். செவ்வாய், புதன் சேர்த்து இப்போது அறுபத்தைந்து.

"ஆமா, இதைப் பார்த்தேன். டோக்கனை எடுத்துட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. மக்களுக்கு இன்னும் ஒழுங்கு வரல. வர்றவங்க இவ்வளவு குறைவுன்னா அந்த அறையையே மூடிடலாம்னுகூட ஒரு யோசனை இருக்கு."

"டீ குடிக்கப் போகல சார். வெட்கப்பட்டுப் போறாங்க. பேரையும் பிரிவையும் சேர்த்துச் சொன்னா யார் சார் எழுந்திரிப்பா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உண்மையாகவே விளக்க ஆசைப்பட்டார் என்பதை மறுக்க மாட்டேன். "இங்கதாம்மா நாம தப்பு பண்றோம். சர்க்கரைன்னா சத்தமாச் சொல்றோம், இதுன்னா மட்டும் காதுல சொல்றோம். மறைக்க மறைக்கத்தான் வெட்கம் வளருது. எல்லா நோயும் ஒண்ணுதான்னு ஊருக்குக் காட்டணும். அதுக்காகத்தான் எந்தப் பிரிவுக்கும் விலக்கு கொடுக்காம எழுதினேன். சொல்லிச் சொல்லித்தான் பழகும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேறு ஒருநாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆனால் நான்காவது வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் என் கண்ணிலேயே நின்றாள்.

"உங்களுக்கு வெட்கம் இல்லையே சார்?"

"எனக்கு என்ன வெட்கம்?"

"அப்ப ஒரு டோக்கன் எடுங்க. நோயாளியா இல்ல, பார்வையிட வந்தவராத்தான். ஆனா முறைப்படி. ஹால்ல போய் உட்காருங்க. நான் முறைப்படி கூப்பிடறேன். நீங்க முறைப்படி எழுந்து ஒன்பதாம் அறைக்குப் போங்க. போயிட்டீங்கன்னா இனிமே நான் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "இவ்வளவுதானே?" என்று துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். எண் முப்பத்தேழு. மூன்றாவது வரிசையில், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஹாலில் யாருக்கும் அவரைத் தெரியாது.

திரையில் அவர் பெயர் வந்தது. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் படித்ததில்லை.

"முப்பத்தேழு," என்று பெயரைச் சொன்னேன். "பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவு, ஒன்பதாம் அறை."

பேச்சு சட்டென்று அடங்கியது. தலைகள் திரும்பின. சிலர் யாரென்று தேடினார்கள், சிலர் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தையை மடியோடு சேர்த்துக்கொண்டாள். சுற்றறிக்கை எழுந்திருக்கப் போனார். நாற்காலியின் கையைப் பிடித்து அரை அங்குலம் உயர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நிமிஷம். இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பின்வரிசையில் யாரோ எதையோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்! அந்த ஆள் எங்கே என்று அவரும் சேர்ந்து கழுத்தைத் திருப்பித் தேடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். அவர் பையைத் திறந்து உள்ளே எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

சிவப்பு விசையை அழுத்தினேன். இயந்திரம் அவர் பெயரைப் போட்டு 'வரவில்லை' என்று அச்சடித்துக் கொடுத்தது.

ஐந்து நிமிஷம் கழித்து அவர் கண்ணாடி அறைக்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"பேப்பர் படிச்சிட்டிருந்த பெரியவர் கேட்டாரும்மா," என்றார் மெதுவாக. "'ரொம்ப நேரமாக் கூப்பிடறாங்களே, உங்களைத்தானா'ன்னு."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"நான் இல்லன்னு சொல்லிட்டேன்." சீட்டை இரண்டாக மடித்தார். "எனக்கு வியாதியும் இல்ல. இந்த விதியை எழுதினவனே நான்தான். அப்படியும் வாயில அதான் வந்துச்சு."

"அறுபத்தஞ்சு பேரும் அதைத்தான் சார் சொல்லிட்டுப் போனாங்க."

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. என் மேஜையிலேயே உட்கார்ந்து உத்தரவு எழுதினார். எந்தப் பிரிவுக்கும் பெயரோ நோயோ சொல்லக்கூடாது. எண்ணும் நடைபாதையும் மட்டும்தான், அறை எண் அவரவர் டோக்கனில் இருக்கும். அறிவிப்பாளர் திரையிலும் அதற்கு மேல் எதுவும் வரக்கூடாது. கதவுகளில் எண் மட்டும் இருக்க வேண்டும். இரண்டாம் நடைபாதையில் கண், பல், காது, தோல் என்று ஆறு கதவுகள். அதில் ஒன்பதும் ஒரு கதவு. யார் எதற்குள் போகிறார்கள் என்று எவன் கண்டான்? எழுதி முடித்துவிட்டு, "நாளையிலேர்ந்து," என்றார்.

"இன்னைக்கே சார். இப்பவே," என்றேன். என் குரல் உடைந்தது. மைக்கில் ஒருநாளும் உடையாத குரல். "ஒருத்திக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அவர் யார் என்று கேட்கவில்லை. 'நாளை முதல்' என்பதை அடித்து 'உடனடியாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டோக்கன் கொடுப்பது இரண்டு மணி வரைதான். கணினிப் பிரிவு ஆட்கள் திரையை மாற்றி முடிக்கப் பன்னிரண்டரை ஆனது, அதுவரை வரிசை அப்படியே நின்றது. தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வாம்மா. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

"நிச்சயமாக்கா?"

"என் பேச்சை நம்பாதே. வந்து சும்மா உட்கார்ந்து உன் கண்ணால பாரு. அப்புறம் டோக்கன் எடு. பிடிக்கலன்னா எழுந்து போயிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றேகாலுக்கு வந்தாள். பின்னாலேயே தம்பி, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி ஹாலை அளந்தாள். நான் கூப்பிட்டுக்கொண்டே போனேன். நாற்பத்தொன்பது, முதலாம் நடைபாதை. ஐம்பது, இரண்டாம் நடைபாதை. ஐம்பத்தொன்று, மூன்றாம் நடைபாதை. பெரியவர் செய்தித்தாளை விட்டுத் தலை தூக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். அவரவர் எண்ணைத் தவிர யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை. ஒன்று நாற்பதாயிற்று. ஒன்று ஐம்பதுக்கு அவள் எழுந்து போய் டோக்கன் இயந்திரத்தின் முன்னால் நின்றாள், வந்த எண்ணை என் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அறுபத்து மூன்று, இரண்டாம் நடைபாதை," என்றேன். இந்த முறை என்ன சொல்கிறேன் என்று எனக்கு முழுவதும் தெரிந்திருந்தது.

அவள் எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவசரப்படாமல், அத்தனை வரிசைகளையும் தாண்டி நடந்தாள். ஒரு தலை திரும்பவில்லை. இரண்டாம் நடைபாதையின் முனையில் ஒன்பதாம் அறை நர்ஸ் கையில் ஊசித் தட்டோடு நின்றாள். அசைந்துகொடுக்காத அந்தப் பெண் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் சொன்னால் மறுப்பாள்.

அறுபத்து நான்கு என் தம்பி. முதல் தடவை கூப்பிட்டதும் அவன் எழுந்திருக்கவில்லை. நான் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தேன். இரண்டாவது தடவைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

அடுத்த மாதம் ஒன்பதாம் அறைக்கு நூற்றுப்பன்னிரண்டு டோக்கன். வராதவர்கள் நான்கே பேர், அதில் ஒருவர் நிஜமாகவே டீ குடிக்கப் போயிருந்தார். அறையை மூடும் யோசனையை மூடிவிட்டார்கள். எங்கள் உத்தரவு சுற்றறிக்கையாகி எல்லா மருத்துவமனைகளுக்கும் போயிற்று. அவர் எழுதியதிலேயே அதுதான் சின்னது, நாலே வரி. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவையும் ஒருநாள் இரண்டாம் நடைபாதைக்குக் கூப்பிட்டேன். பல்லா, கண்ணா, எதுவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் தெரியாமலிருப்பதுதான் இப்போது என் வேலை.

மூன்று ஊசியும் முடிந்து, நல்ல எடையோடு பெண் குழந்தை பிறந்தது. அப்படியும் டாக்டர், ஆறாவது மாதம் ரத்தம் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன் என்றுவிட்டார். அந்த ஆறு மாதமும் குழந்தை என் பக்கம் சிரித்தபோதெல்லாம் அதன் கண் என்னைப் பார்க்கிறதா என்று விரலை ஆட்டிப் பார்த்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று, ஹால் நிறைந்திருந்த நேரத்தில், இடுப்பில் குழந்தையோடு தம்பி மனைவி என் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். என்னால் படிக்க முடியவில்லை. கண் கலங்கியிருந்தால் யாரால்தான் படிக்க முடியும்? அவளே கண்ணாடிக்குக் கிட்டே வாயை வைத்துச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா ஒண்ணும் இல்ல."

மைக்கை அணைத்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன். அடுத்த டோக்கன்காரர் இரண்டு நிமிஷம் காத்திருந்தார். புகார் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளட்டும், அந்த இரண்டு நிமிஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.